ஆறு ஹோணும் ஏன் முணுமுணுத்தன?

கேள்வி: ஐயா, முள்ளியவளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். நான் சபைச் செயலாளர். கோயிலில் 6 ஹோண் ஸ்பீக்கர் இருக்கு. ஒவ்வொன்றின் பின்னாலும் சின்ன ட்ரான்ஸ்போமர், அதில் 100 வோல்ட், 15 வாட், 10 வாட், 5 வாட் என்று எழுதியிருக்கு. பழைய 120 வாட் அம்பிளிபயர் இடி விழுந்து எரிஞ்சுபோச்சு. லண்டனில இருக்கிற மாமா தன்ர வீட்டு ஸ்டீரியோ அம்பிளிபயரைக் கொண்டுவந்து தந்தார். பக்கத்துக்கு 100 வாட், 8 ஓம். பதினைந்து ஆறு தொண்ணூறு, அம்பிளிபயர் 100, கணக்குச் சரிதானே என்று ஆறையும் ஒரு பக்கத்தில் பூட்டினோம். பங்குனித் திங்கள் முதல் கிழமை போட்டால் ஆறும் முணுமுணுத்தது, கேணியடிக்கு அங்கால ஒன்றும் கேக்கேல்லை. ஊர்ப் பெடியன் ஒருத்தர் மடப்பள்ளிப் பக்கத்து ஹோணின் ட்ரான்ஸ்போமரைக் கழட்டிப்போட்டு நேரே கொடுத்தார். அது மட்டும் காதைக் கிழிச்சுது. மூன்றாம் திங்கள் அதுவும் நிண்டுபோச்சு. மல்ரிமீற்றர் வைச்சுப் பார்த்தன், மற்ற ஹோண்கள் 60 ஓம், 70 ஓம் காட்டுது. 8 ஓம் அம்பிளிபயருக்கு இது எப்பிடிப் பொருந்தும்? சபையில் பழைய பெட்டியையும் ஹோண்களையும் இரும்புக்குக் கொடுத்திட்டுப் பெரிய பொக்ஸ் இரண்டு வாங்குவம் என்கினம். வைகாசிப் பொங்கலுக்கு முன்னம் என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, இதை வாசித்து முடித்த உடனே ஒரு வேலை செய்யுங்கோ. களஞ்சிய அறையில் கிடக்கிற அந்த எரிந்த 120 வாட் பெட்டியைப் பழைய இரும்புக்காரர் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கோ. உங்களுக்குத் தேவையான சாமான் அதற்குள்தான் இருக்கிறது. என்ன சாமான் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் பங்குனித் திங்களில் நடந்தது என்னவென்று பார்ப்போம்.

மாமாவின் அம்பிளிபயரில் 100 வாட், 8 ஓம் என்று எழுதியிருக்கிறது. 8 ஓம் சுமையை, அதாவது 8 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால் 100 வாட் தருவேன் என்பதுதான் அதன் அர்த்தம். எதைப் பூட்டினாலும் 100 வாட் தருவேன் என்று அது சொல்லவில்லை. 100 ஐ 8 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கோ: 28.3. ஒலிக்கட்டையைக் கடைசி வரை திருகினாலும் அந்த மெசினால் தள்ளக்கூடியது 28 வோல்ட்தான். அதற்கு மேலே போகக் கேட்டால் சத்தம் கிழியுமே தவிர ஏறாது.

உங்கள் ஹோணோ 100 வோல்ட் வந்தால் 15 வாட் எடுப்பேன் என்கிறது. 100 இன் வர்க்கம் 10,000. அதை 15 ஆல் பிரித்தால் 667. அதுதான் அந்த ஹோண் லைனுக்குக் காட்டுகிற உண்மையான ஓம். ஆறையும் சமாந்தரமாகக் கட்டினால் 111 ஓம். 8 ஓமை எதிர்பார்த்து நிற்கிற அம்பிளிபயருக்கு 111 ஓமைக் கொடுத்தால் என்ன வரும்? 28.3 இன் வர்க்கத்தை 111 ஆல் பிரித்துப் பாருங்கோ. 7 வாட். ஆறு ஹோணுக்கும் சேர்த்து 7 வாட்! ஒன்றுக்கு ஒரு வாட்டும் கொசுறும். முணுமுணுத்ததே பெரிய காரியம்.

ஆக, 'பதினைந்து ஆறு தொண்ணூறு' என்ற உங்கள் கணக்கில் பிழை இல்லை. அது 100 வோல்ட் லைனுக்கு உரிய கணக்கு. 100 வோல்ட் வராத இடத்தில் அந்தக் கணக்கைப் போட்டதுதான் கோளாறு. வாட்டை மட்டும் பார்த்து அம்பிளிபயரையும் ஸ்பீக்கரையும் சோடி சேர்க்கிற பழக்கம் எங்கட பக்கத்தில் நிறையப் பேருக்கு உண்டு. கலியாணத்துக்கு வயதை மட்டும் பார்த்துப் பொருத்தம் சொல்வது மாதிரி.

இனி மடப்பள்ளி ஹோண். ட்ரான்ஸ்போமரைக் கழற்றியதும் உள்ளே சத்தம் உண்டாக்குகிற யூனிற் நேரே லைனில் வந்துவிட்டது. இந்த வகை யூனிற்றுகள் அநேகமாக 16 ஓம், 30 வாட் அளவில் இருக்கும். 28.3 வோல்ட் 16 ஓமுக்குப் போனால் 50 வாட். மற்ற ஐந்தும் ஒரு வாட்டில் முனகும்போது இது ஒன்று 50 வாட்டில் கத்தினால் காது கிழியாமல் என்ன செய்யும்? போதாததற்கு, தூரத்து ஹோண்கள் கேட்கவில்லை என்று கட்டையை முழுக்கத் திருகி வைத்திருப்பீர்கள். அம்பிளிபயர் தன் எல்லையைத் தாண்டிக் கிழியும்போது அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிடும். அப்படியான அலை யூனிற்றுக்குள் ஏற்றுகிற சூடு 50 வாட்டையும் தாண்டிப் போகும். 30 வாட் சாமான் இரண்டு கிழமை தாக்குப்பிடித்ததே பெரிது.

அந்தப் பெடியனைப் பேசாதேங்கோ. சத்தம் வருவதற்கு அவர் கண்டுபிடித்த வழி, அரைவாசி சரியான வழிதான். ஒரு ஹோணோடு நிறுத்தியது இன்னும் நல்லது. மூன்றைக் கழற்றியிருந்தால் சுமை 5 ஓமாகி மாமாவின் அம்பிளிபயரும் சேர்ந்து போயிருக்கக்கூடும். பழைய 120 வாட் பெட்டி உயிரோடு இருந்த காலத்தில் இதைச் செய்திருந்தால்? 100 வோல்ட், 16 ஓம்: 625 வாட் கேட்கும். யூனிற் ஒரு நொடி, அம்பிளிபயர் அடுத்த நொடி.

மல்ரிமீற்றர் காட்டிய 60, 70 ஓமைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மீற்றருக்குள் இருப்பது பற்றரி. அது அளப்பது ட்ரான்ஸ்போமரில் சுற்றியிருக்கிற செப்புக் கம்பியின் தடையை மட்டும். பாட்டும் தேவாரமும் போகும்போது அந்தச் சுருள் காட்டுகிற எதிர்ப்பு வேறு, அதைத்தான் இம்பீடன்ஸ் என்கிறோம். கிணற்றின் ஆழத்தை வாளிக்கயிற்றின் தடிப்பைப் பார்த்துச் சொல்ல ஏலாதுதானே? ஆனால் நீங்கள் எடுத்த அளவு வீண் இல்லை. ஐந்தும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுவதால் ஐந்தின் சுருளும் அறுபடவில்லை என்று தெரிகிறது. ஒன்று மட்டும் முடிவில்லாத ஓம் காட்டியிருந்தால் அதை இறக்கிப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

சரி, எதற்காக இந்த 100 வோல்ட்? நேரே 16 ஓமாகவே கட்டிவிட்டுப் போகலாமே என்று சபையில் யாராவது கேட்பார்கள். கம்பியில் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கோ. கோயிலில் இருந்து றோட்டடி ஹோணுக்கு 250 மீற்றர் என்று வையுங்கோ. கடையில் மலிவாகக் கிடைக்கிற 0.75 சதுர மில்லிமீற்றர் இரட்டை வயர். போகவும் வரவும் 500 மீற்றர் செம்பு, அதன் தடை 11 ஓமுக்கு மேலே. 16 ஓம் யூனிற்றை அந்த நுனியில் நேரே கட்டினால், வயர் இல்லாமல் பக்கத்தில் கட்டினால் கிடைக்கிற சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே போய்ச் சேரும். மிச்சத்தில் ஒரு பகுதி வயலுக்கு மேலே வயரைச் சூடாக்கிப் போய்விடும், மற்றது அம்பிளிபயரை விட்டு வெளிக்கிடவே வெளிக்கிடாது. அதே வயரில், அதே நுனியில், ட்ரான்ஸ்போமரோடு மூன்று ஹோணை 15 வாட்டில் கட்டுங்கோ: பத்தில் ஒன்பது பங்கு போய்ச் சேரும்.

மின்சார சபை கிராமங்களுக்கு 33,000 வோல்ட்டில் கறண்ட் கொண்டுவந்து சந்தியில் ட்ரான்ஸ்போமர் வைத்து 230 ஆக இறக்குகிறதே, அதே வேலைதான். வோல்ட்டை ஏற்றினால் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் வயரில் நட்டம் குறையும். ஒவ்வொரு ஹோணின் முதுகிலும் இருக்கிற அந்தச் சின்ன ட்ரான்ஸ்போமர், உங்கள் ஊர்ச் சந்தி ட்ரான்ஸ்போமரின் பேரன்.

இப்போது களஞ்சிய அறைக்குப் போவோம்.

இந்த வகைக் கோயில் அம்பிளிபயர்களின் பின்பக்கத்தில் வரிசையாக ஆணிகள் இருக்கும்: பொது, 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட். அந்த ஆணிகள் எல்லாம் உள்ளே இருக்கிற ஒரே ட்ரான்ஸ்போமரின் ஒரே சுற்றில் இடையிடையே எடுத்த முனைகள். அம்பிளிபயர் எரிந்தால் என்ன, ட்ரான்ஸ்போமர் இரும்பும் செம்பும்தானே. இடி அநேகமாக மின்சார வயர் வழியாக வந்து பவர் பக்கத்தையும் ட்ரான்சிஸ்டர்களையும்தான் தின்றிருக்கும். அவுட்புட் ட்ரான்ஸ்போமர் தப்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது தப்பியிருந்தால், மாமாவின் அம்பிளிபயரில் இருந்து வருகிற 28 வோல்ட்டைப் பொது ஆணிக்கும் 8 ஓம் ஆணிக்கும் கொடுத்து, பொது ஆணியில் இருந்தும் 100 வோல்ட் ஆணியில் இருந்தும் லைனை எடுக்கலாம். 28 உள்ளே போனால் 91 வெளியே வரும். ஆறு ஹோணும் அவற்றின் ட்ரான்ஸ்போமரில் 15 வாட் என்று எழுதிய முனையில் இருந்தால் மொத்தம் 75 வாட் போகும். முன்பு போனது 7. அம்பிளிபயருக்குத் தெரிகிற சுமை 111 ஓம் இல்லை, 10 ஓம் சொச்சம். 8 ஐ விடக் கூட, ஆகவே ஆபத்தும் இல்லை.

செய்கிற விதம் இப்படி. பெட்டியின் பிளக்கைக் கழற்றுவது போதாது, வயரையே வெட்டிவிடுங்கோ. உள்ளே போத்தல் மூடி மாதிரி நிற்கிற பெரிய கப்பாசிற்றர்களின் இரு காலையும் ஒரு குண்டு பல்பால் தொட்டு இறக்கிவிடுங்கோ. வருடக்கணக்காகக் கிடந்த பெட்டி என்றாலும் பழக்கத்துக்குச் செய்ய வேண்டும். உள்ளே இரும்பு ட்ரான்ஸ்போமர் இரண்டு தெரியும். பியூசில் இருந்து வயர் வருகிறது ஒன்று, அது பவர். பின் ஆணிகளுக்குத் தடித்த வயர் போகிறது மற்றது, அதுதான் எங்கட ஆள். அதில் இருந்து சர்க்கிட் பலகைக்குப் போகிற வயர் எல்லாவற்றையும் வெட்டி, ஒவ்வொரு நுனிக்கும் தனித்தனியாக ரேப் சுற்றுங்கோ. ஒன்றோடு ஒன்று முட்டவும் கூடாது, பெட்டியில் முட்டவும் கூடாது. பின் ஆணிகளில் இருந்து வேறு மெல்லிய வயர் ஏதும் பலகைக்குத் திரும்பிப் போனால் அதையும் வெட்டுங்கோ.

இப்போது மல்ரிமீற்றர். பொது ஆணியில் இருந்து 4, 8, 16 ஆணிகளுக்கு ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும், 100 வோல்ட் ஆணிக்குச் சில ஓம் காட்டும். எந்த ஆணியில் இருந்தும் ட்ரான்ஸ்போமரின் இரும்புக்கு ஒன்றும் காட்டக்கூடாது.

அடுத்ததுதான் உண்மையான சோதனை. போனில் சத்தம் உண்டாக்குகிற செயலி ஒன்றை இறக்கி 400 ஹேர்ட்ஸ் ஒலியை மாமாவின் அம்பிளிபயருக்குக் கொடுங்கோ. ஹோண் எதையும் பூட்ட வேண்டாம். மீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து, பொது ஆணிக்கும் 8 ஓம் ஆணிக்கும் நடுவில் 5 வோல்ட் வரும்வரை கட்டையை மெல்லத் திருகுங்கோ. பிறகு மற்ற ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கோ. 4 ஓம் ஆணியில் 3.5, 16 ஓம் ஆணியில் 7, 100 வோல்ட் ஆணியில் 16 வோல்ட் அளவில் வந்தால், இடி அந்த ட்ரான்ஸ்போமரைத் தொடவே இல்லை. 5 வோல்ட்டுக்கே ஏற முடியாமல் அம்பிளிபயர் திணறினாலோ ட்ரான்ஸ்போமர் சுட்டாலோ உள்ளே சுற்றுகள் முட்டியிருக்கின்றன. அப்போது கைவிடுங்கோ.

"ஸ்பீக்கர் பூட்டாமல் அம்பிளிபயரைப் போடாதை, எரிஞ்சுபோம்" என்று ஊரில் வயதானவர் யாராவது இந்த இடத்தில் உங்களைத் தடுக்கக்கூடும். அவர் சொல்வது பொய் இல்லை, அது வால்வு அம்பிளிபயர்க் காலத்துச் சட்டம். வால்வுப் பெட்டியில் ஸ்பீக்கர் வயர் அறுந்தால் போகிற சக்திக்குப் போக இடமில்லாமல் வோல்ட் ஏறி அவுட்புட் ட்ரான்ஸ்போமரையே துளைத்துவிடும். தொண்ணூறுகளில் பற்றரி வன்னிக்குள் வராத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவர்களுக்கு இது விளங்கும். ரேடியோவை மட்டும் கட்டிக்கொண்டு வேகமாக மிதித்தால் வோல்ட் கண்டபடி ஏறும். ஆகையால் சைக்கிள் லைற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் செய்தி கேட்போம். டைனமோவுக்கும் வால்வுக்கும் சுமை வேண்டும். மாமாவின் ட்ரான்சிஸ்டர் அம்பிளிபயருக்கு அது தேவையில்லை. அதற்கு யமன், ஓம் குறைவது. ஓம் கூடினால் சத்தம் குறையும், வேறொன்றும் ஆகாது. உங்களுக்கு நடந்ததும் அதுவே.

அந்த மாமா லண்டனில் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட். கனடாவில் இருந்து கொண்டுவந்திருந்தால் 120 வோல்ட் மெசினை எங்கட பிளக்கில் சொருகி, கடிதம் எழுதவே வேண்டியிருந்திருக்காது.

ட்ரான்ஸ்போமர் தேறியதும் லைனை உடனே பூட்டாதேங்கோ. 100 ஓம், 10 வாட் தடை ஒன்று வாங்கி, ட்ரான்ஸ்போமருக்கும் லைனுக்கும் நடுவில் தொடராக வையுங்கோ. அதே 400 ஹேர்ட்ஸ் ஒலி, கட்டை தாழ. தடைக்குக் குறுக்கே எத்தனை வோல்ட், லைனுக்குக் குறுக்கே எத்தனை வோல்ட் என்று பாருங்கோ. இப்போது இருக்கிற ஐந்து ஹோணும் 15 வாட்டில் இருந்தால் லைன் 133 ஓம். தடையில் 3 வோல்ட் இருக்கும்போது லைனில் 4 வோல்ட் அளவு வர வேண்டும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ஹோணின் ஓம் ஒலிக்கு ஒலி மாறும். லைனில் அரை வோல்ட்டும் இல்லை என்றால் எங்கேயோ முட்டுகிறது: மரத்தில் கட்டிய இடம், ஆணி குத்திய இடம், அணில் கடித்த இடம். லைனில் 10 வோல்ட் வந்தால் வயர் அறுந்து பாதி ஹோண் லைனிலேயே இல்லை. நான் லைன் போடுகிற ஒவ்வொரு கோயிலிலும் இதைச் செய்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுவேன். ஐந்து நிமிட வேலை.

பாஸ் கட்டையை முழுக்கக் குறைத்துவிடுங்கோ. இது ருசி பற்றிய விசயம் இல்லை. வீட்டு அம்பிளிபயர் அடித்தொண்டைச் சத்தத்தை எல்லாம் தாராளமாக அனுப்பும். ஹோணுக்கு அது வேண்டாம். ஹோணின் வாய் அகலத்துக்கு ஏற்ற ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை அதால் வெளியே தள்ள ஏலாது, யூனிற்றுக்குள் அதிருகிற மெல்லிய தகடான டயபிரம் சும்மா துள்ளித் துள்ளி உடையும். ட்ரான்ஸ்போமருக்கும் அது ஒவ்வாது. தாழ்ந்த ஒலி கூடினால் அதன் இரும்பு இனிக் காந்தம் ஏற இடமில்லாமல் நிறைந்துபோய், அம்பிளிபயருக்குத் திடீரென்று ஓமே இல்லாத மாதிரித் தெரியும். ஆகையால் அம்பிளிபயருக்கும் 8 ஓம் ஆணிக்கும் நடுவில் ஒரு கப்பாசிற்றரைத் தொடராகப் போடுங்கோ. 220 மைக்ரோபரட், 100 வோல்ட் கப்பாசிற்றர் இரண்டை வாங்கி, இரண்டின் மறைக் கால்களையும் ஒன்றாகப் பற்றவைத்து, மிஞ்சுகிற இரண்டு காலையும் பயன்படுத்தினால் 110 மைக்ரோபரட் ஆகும். 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாக வெட்டிவிடும். குருக்களின் குரலில் இதனால் ஒன்றும் குறையாது. பெடியளின் பாட்டில் குறையும், அதற்குத்தான்.

அம்பிளிபயரின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால் 200 வாட் வரும் என்று யாராவது சொன்னால் கையைத் தட்டிவிடுங்கோ. ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கோ, மற்றது சும்மா இருக்கட்டும். அப்படிச் செய்யும்போது போனில் இருந்து பாட்டின் ஒரு பக்கம்தான் வரும். சில பழைய பக்திப் பாட்டுகளில் நாதஸ்வரம் ஒரு பக்கமும் தவில் மறுபக்கமுமாகப் பதிந்திருப்பார்கள், தவில் மட்டும் கேட்கும். போனின் அமைப்புகளில் அணுகல் வசதிகள் பகுதிக்குள் மோனோ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கோ.

மைக் எங்கே சொருகுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பொங்கலன்று காலையில் கேட்பீர்கள். வீட்டு அம்பிளிபயருக்கு மைக் வாய் கிடையாது. மைக்கைச் சொருகுகிற சின்ன மிக்சர் பெட்டி ஒன்று தேவைப்படும். மனம் திறந்து சொன்னால், காசு சேர்ந்ததும் 100 வோல்ட் ஆணியுள்ள 120 வாட் கோயில் அம்பிளிபயர் ஒன்றையே வாங்கிவிடுவதுதான் சரி. அஹூஜா மாதிரி இந்தியப் பெட்டிகள் எங்கட பக்கத்தில் திருத்தவும் ஆள் உண்டு. மைக் வாய் இருக்கும், பலவற்றில் பற்றரியிலும் ஓடும் வசதி இருக்கும், நாள் முழுக்க வெயிலில் ஓடுவதற்கென்றே கட்டியவை. வாங்கினால் பொது ஆணியும் 100 வோல்ட் ஆணியும் மட்டும். 100 இல் லைனும் 8 இல் இன்னொரு பொக்ஸும் என்று ஒரே நேரத்தில் கட்டக்கூடாது. மாமா மனம் நோவார் என்றால் அவருடைய அம்பிளிபயரை அன்னதான மடத்தில் 8 ஓம் பொக்ஸ் இரண்டோடு வையுங்கோ. அது பிறந்த வேலை அதுதான், அங்கே அருமையாகப் பாடும்.

சபை கேட்கிற பெரிய பொக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் காசு மட்டும் இல்லை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றரில் நின்று அளந்தால் சாதாரண பொக்ஸ் 90 டெசிபல் அளவு தரும், நல்ல ஹோண் 105 ஐத் தாண்டும். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு வாட். வயலுக்கு அங்கால இருக்கிற வீட்டுக்குப் பூசை நேரம் கேட்க வேண்டும் என்றால் ஹோண்தான். மண்டபத்துக்குள் பாட்டுக் கச்சேரிக்கு பொக்ஸ்.

இன்னொன்று, 15 வாட் முனைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதேங்கோ. 10 வாட் முனைக்கு மாற்றினால் 2 டெசிபலுக்கும் குறைவாகத்தான் இறங்கும், வாசலில் நிற்கிற ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. அம்பிளிபயரோ வைகாசி வெயிலில் மூச்சு விடும். வீடுகளுக்குக் கிட்ட இருக்கிற ஹோணுக்கு 5 வாட் முனை போதும். முனை மாற்றுகிற வசதி அதற்காகத்தான் இருக்கிறது. றோட்டடி ஹோணைக் கோயிலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தால் வெளியே பார்க்கத் திருப்புங்கோ. 250 மீற்றரைச் சத்தம் கடக்க முக்கால் நொடி அளவு ஆகும். எதிரெதிரே பார்த்த இரண்டு ஹோணுக்கு நடுவில் நிற்கிறவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்கும்.

லைனைத் தொடும் விசயத்தில் ஒரு சொல். ஸ்பீக்கர் வயர்தானே என்று எல்லோரும் வெறுங்கையால் முறுக்குவார்கள். நானும் இருபது வயதில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கோயிலில், பனையில் ஏணி வைத்து ஏறி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே லைன் வயரை முறுக்கினேன். மழை விட்ட நேரம், கை ஈரம். பாட்டு மெல்லப் போகும்வரை சும்மா சுணைத்தது. சரணத்தில் உச்சம் தொட்டதும் என்னை ஏணியில் இருந்து எறிந்தது. கீழே மணல் என்றபடியால் தோள்மூட்டோடு போயிற்று. அதற்குப் பிறகு கட்டை பூச்சியத்தில் இருந்தாலும் போதாது, அம்பிளிபயரை நிறுத்திவிட்டுத்தான் ஏணியைத் தூக்குவேன். மூட்டு எல்லாவற்றுக்கும் ரேப் சுற்றுங்கோ. முள்ளுக்கம்பி வேலியில் வயரைப் படர விடாதேங்கோ.

பொலிஸ் அனுமதி எடுப்பீர்கள், தெரியும். 2007 இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த கட்டளைப்படி இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை என்பதையும் இரவுப் பொங்கல் ஒழுங்கு செய்கிறவர்களுக்கு இப்போதே சொல்லி வையுங்கோ.

கடைசியாக அந்தச் செத்த யூனிற். ஹோணில் இருந்து திருகிக் கழற்றி, பின் மூடியின் ஆணிகளை எடுத்துப் பாருங்கோ. டயபிரத்தின் சுருள் கறுத்து, அடிப்பிடித்த பாற்சோறு மாதிரி மணக்கும். யூனிற்றை எறிய வேண்டாம், டயபிரம் மட்டும் தனியாக விற்கிறார்கள். பழையதைத் தூக்கியதும் காந்தத்தின் நடுவில் ஒரு மெல்லிய வட்ட இடுக்குத் தெரியும். அதற்குள் எரிந்த துகளும் இரும்புப் பொடியும் நிற்கும். ஒட்டுகிற ரேப் துண்டை மடித்து உள்ளே விட்டு ஒற்றி எடுங்கோ, ஊதினால் போகாது. ஹோண் வாய்க்குள் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கோ, வன்னியில் பாதி ஹோணின் அடைத்த குரலுக்குக் குளவிதான் காரணம். கடையில் டயபிரம் கேட்கும்போது 16 ஓம் என்று அழுத்திச் சொல்லுங்கோ. எல்லாம் ஒன்றுதான் என்று 8 ஓம் தருவார்கள். பூட்டினால் பூட்டும், பாடவும் பாடும். ஆனால் ட்ரான்ஸ்போமர் வழியாக லைனுக்கு அந்த ஹோண் 667 க்குப் பதில் 333 ஓமாகத் தெரியும். 15 வாட் முனையில் 30 வாட் உறிஞ்சும்.

புது டயபிரம் போட்ட யூனிற் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் திரும்ப லைனில் ஏறக்கூடாது. ஆகையால் அந்தப் பெடியனிடம் போய், கழற்றிய ட்ரான்ஸ்போமரை எங்கே வைத்தார் என்று கேளுங்கோ. கிடைத்தால் மீற்றரில் பாருங்கோ: 60, 70 ஓம் காட்டுகிற பக்கம் லைனுக்கு, ஒன்றிரண்டு ஓம் காட்டுகிற பக்கம் யூனிற்றுக்கு. மாறிப் பூட்டினால் திரும்பவும் எனக்கு எழுத வேண்டிவரும்.